சதுரங்க வித்தகர் ஆரோன் நிம்ஸோவிச்

சதுரங்கம் பயிலத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் வெள்ளைக் காய்களையே விரும்புவர். முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியதாதலின், கறுப்பை எடுத்தவன் எதிரி செய்வதற்கெல்லாம் ஈடுகொடுத்துக் கொண்டிருப்பதே தன் விதியென்று எண்ணுதல் இயல்பு. இவ்வெண்ணத்தை மாற்றி, கறுப்பைக் கொண்டு ஆடுபவனும் தன் கருத்தின்படியே ஆட்டத்தை நடத்தலாம் என்று காட்டியவருள் முதன்மையானவர் ஆரோன் நிம்ஸோவிச் என்பவர். அவர் பெயரால் வழங்கும் நிம்ஸோ-இந்தியத் தற்காப்பு இன்றும் உலகெங்கும் ஆடப்படுகின்றது. அதனைக் கற்க விரும்புவார் அதனை வகுத்தவரின் வாழ்க்கையையும் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி, அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நிம்ஸோவிச் 1886-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ந் தேதி, பால்டிக் கடலோரத்திலுள்ள ரீகா நகரில், யூதர் குலத்தில் பிறந்தார். இக்காலத்தில் லாட்வியா நாட்டின் தலைநகராக விளங்கும் அந்நகரம் அக்காலத்தில் ருஷிய சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் வியாபாரி, சதுரங்கத்தில் மிக்க பிரியமுள்ளவர். மைந்தனுக்கு எட்டு வயதானபோது அவரே காய்களின் கதியைக் கற்பித்தார். 1904-ம் வருஷத்தில் இளைஞர் தத்துவ சாஸ்திரம் பயிலும்பொருட்டு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அங்கே சாஸ்திரப் புத்தகங்கள் மூடியே கிடந்தன. சதுரங்கப் பலகையே திறந்திருந்தது. தந்தையார் எண்ணியது ஒன்று, நடந்தது வேறொன்று.

அந்நாளில் ஜெர்மனி தேசத்துச் சதுரங்க உலகிற்கு ஆசாரியராக வீற்றிருந்தவர் நூரெம்பர்க் நகரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் டாரஷ். அவர் 1862-ல் பிறந்தவர். பல பந்தயங்களில் முதற்பரிசு பெற்றவர். தெளிவாகவும் அதிகாரத்தோடும் எழுதவல்லவர். பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களைக் காலாட்களால் பிடித்துக்கொள்ள வேண்டும், காய்களுக்கு விசாலமான இடம் வேண்டும், நெருக்கமான நிலை நோயுற்ற நிலை என்பன அவர் வகுத்த விதிகள். ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர் இவற்றை வேதவாக்காகக் கொண்டனர். ரீகாவிலிருந்து வந்த பதினேழு வயதுப் பையன் அவரை நூரெம்பர்க்கில் கண்டு ஓர் ஆட்டம் ஆடினான். அவ்விளைஞனின் விசித்திரமான நிலையைப் பார்த்து, சுற்றி நின்றவர் கேட்கும்படி டாக்டர் ஏளனமாக ஒரு வார்த்தை கூறினாராம். ஆட்டம் சமமாகவே முடிந்தது. ஆயினும் அவ்வார்த்தையை நிம்ஸோவிச் மறக்கவில்லை. தம் பகைமை அன்றே பிறந்ததென்று பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கின்றார். ஒரு கொள்கையின் பிறப்பிற்குக் கோபமும் ஒரு காரணமாதல் உண்டு போலும்.

ஆனால் கோபம் மட்டும் வெற்றி தருவதில்லை. 1905-ல் பார்மென் நகரில் நடந்த பந்தயத்தில் நிம்ஸோவிச் பட்டியலின் அடிப்பகுதியிலே காணப்பட்டார். அதன்பின் அவர் பந்தயங்களிலிருந்து சிறிது காலம் ஒதுங்கி, தம் ஆட்டத்தின் குற்றங்களைத் தாமே ஆராய்ந்தார். 1906-ல் மியூனிக் நகரில் முதற்பரிசு கிட்டியது. 1912-ல் ஸ்பெயின் தேசத்து ஸான் செபாஸ்டியனில் ரூபின்ஸ்டைனுக்கு அரைப்புள்ளி மட்டுமே பின்தங்கி, ஸ்பீல்மன் என்பவரோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1913-ல் வியன்னா நகரத்துச் சதுரங்கப் பத்திரிகையிலே டாரஷின் நூலைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்தார். நடுக்கட்டங்களில் காலாட்களை நிறுத்துவது ஒரு வழி. தூரத்திலிருந்து மந்திரியும் குதிரையும் அக்கட்டங்களைக் காவல் செய்வது மற்றொரு வழி. முன்னதே வழி, பின்னது வழியன்று என்று விதிப்பது அறிவுடைமையாகாது என்பது அதன் சாரம்.

மறுவருஷம் 1914-ல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் மகாபந்தயத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். அங்கே வென்றவர் முதியவரே. டாரஷ் தம் இரு மந்திரிகளையும் அடுத்தடுத்துப் பலிகொடுத்து, நிம்ஸோவிச்சின் அரசனை வெளியே இழுத்து வீழ்த்தினார். அவ்வாட்டம் இன்றளவும் பாடநூல்களில் காட்டப்படுகின்றது. புதுக்கொள்கை கூறியவர் பழங்கொள்கையினர் கையில் இவ்வாறு அடிபட்டால் உலகம் என்ன சொல்லும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. பந்தயங்கள் நின்றன; பால்டிக் நாடுகள் போர்க்களமாயின. யுத்தமும் புரட்சியும் ஓய்ந்தபின், 1920-ல் நிம்ஸோவிச் ஸ்வீடனை அடைந்தார். அங்கே முதலிற் கலந்துகொண்ட பந்தயத்தில் சோபிக்கவில்லை. பல வருஷம் எதிரிகளின்றிக் கிடந்த கை மழுங்கியிருந்தது. 1922-ல் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குக் குடியேறி, ஒரு சிறு வாடகை அறையில் வாசம் செய்தார். மரணபரியந்தம் அந்நகரமே அவர் ஊர்.

இனி, அவர் கறுப்புக்கு வகுத்த முறையைச் சிறிது விளக்குவாம். நம் நாட்டில் ஊருக்கு ஊர் காய்களின் பெயர் மாறுவதால், மூலையில் நிற்பதை யானை என்றும், கோணல் வழியே ஓடுவதை மந்திரி என்றும், அரசனுக்கு அடுத்து நிற்பதை அரசி என்றும் இக்கட்டுரையில் வழங்குகின்றோம்.

வெள்ளை, அரசியின் முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் செலுத்துகின்றது என்க. பழைய முறைப்படி கறுப்பும் தன் காலாளை நேரெதிரே நிறுத்தும். நிம்ஸோவிச் அவ்வாறு செய்யாமல், அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்வார். வெள்ளை, அரசி பக்கத்து மந்திரியின் முன்னுள்ள காலாளையும் இரண்டு கட்டம் செலுத்தும். கறுப்பு அரசனின் முன்னுள்ள காலாளை ஒரே கட்டம் நகர்த்தி, மந்திரிக்கு வழி திறக்கும். வெள்ளை அரசி பக்கத்துக் குதிரையை வெளியே வைத்தவுடன், கறுப்பு மந்திரி பாய்ந்து வந்து அதன் எதிரே நிற்கும். அக்குதிரைக்குப் பின்னே அதே கோணல் வழியில் வெள்ளை அரசன் இருப்பதால், குதிரை அவ்விடம் விட்டு அசையலாகாது. மூன்றே நகர்த்தலில் வெள்ளையின் குதிரை கட்டுண்டது. அது எதற்காக வந்தது? தன் அரசனின் காலாளை நடுக்கட்டத்திற்கு அழைத்து வருவதற்காக வந்தது. அவ்வேலை இப்போது தடைப்பட்டது. கறுப்பு நடுக்கட்டத்தில் ஒரு காலாளையும் வைக்கவில்லை. ஆயினும் நடுக்கட்டம் வெள்ளையின் வசமாகவில்லை.

வெள்ளை இதனை முன்னறிந்து, அரசி பக்கத்துக் குதிரைக்குப் பதிலாக அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே வைக்குமாயின், கறுப்பும் வழி மாறும். அரசி பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அவ்விடத்தில் மந்திரியை நிறுத்தி, பலகையின் குறுக்கே அதே நடுக்கட்டத்தை நோக்கியிருக்கச் செய்யும். இதற்கு அரசி-இந்தியத் தற்காப்பு என்று பெயர். இரண்டும் ஒரே கருத்தின் இரு கிளைகள்.

இம்முறையின் சிறப்பு அதன் நெகிழ்ச்சியே. கறுப்பின் நடுக்காலாட்கள் எங்கே நிற்கும் என்பது இன்னும் நிச்சயிக்கப்படவில்லை. வெள்ளையின் நோக்கத்தைக் கண்டபின், அவற்றை முன்னே செலுத்தி எதிர்க்கவும் கூடும். ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் கறுத்த கட்டங்களில் அரண் செய்யவும் கூடும். ஓரக்காலாளைக் கொண்டு வெள்ளையின் நடுவை இடிக்கவும் கூடும். களிமண் ஈரமாயிருக்கும்போது குயவன் எப்பாத்திரமும் வனையலாம். சூளையில் இட்டபின் இயலாது. ஆதலின் இதனைப் பயிலும் மாணவர் நகர்த்தல்களின் வரிசையை நெட்டுருப் பண்ணுவதால் அதிகப் பயன் காணார் என்பது நம் கருத்து. எந்தக் கட்டத்திற்காகப் போராடுகின்றோம், மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கினால் எதிரியின் காலாட்கள் எவ்வாறு ஊனமடைகின்றன என்னும் இரண்டு வினாக்களையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமக்குள் கேட்டுக்கொள்வாராயின், மறந்துபோன நகர்த்தலைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வர். இம்முறையில் செலவும் உண்டு. மந்திரியை இழந்தால், வெள்ளையின் இரு மந்திரிகளும் திறந்த வெளியில் வலிமை பெறும். வெளியைத் திறவாமல் காக்கத் தெரியாதவர் இத்தற்காப்பை ஆடுதல் கூடாது.

இதற்கு இந்தியப் பெயர் வந்த வரலாறும் அறியத்தக்கது. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கல்கத்தாவில் இருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து வழக்கறிஞர், மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காள அந்தணரோடு மிகப்பல ஆட்டங்கள் ஆடினார். நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் காலாள் முதலடியிலும் ஒரு கட்டமே செல்லும். அப்பழக்கத்தில் வளர்ந்த அவ்வந்தணர், காலாட்களைச் சிற்றடியாக நகர்த்தி மந்திரியை ஓரத்தில் நிறுத்தி ஆடினார். அம்முறையை நினைந்தே ஐரோப்பியர் இவ்வகைத் தற்காப்புகளை இந்தியம் என்றனர் என்பர். நூரெம்பர்க் ஆசாரியர் இகழ்ந்த நெருக்கமான நிலையிலே கங்கைக்கரைக்காரர் ஒருவர் மனக்கலக்கமின்றி ஆடியிருக்கின்றார். நிம்ஸோவிச் செய்தது யாதெனில், அத்தகைய ஆட்டத்திற்குக் காரணம் கூறி, அதனை ஒரு சாஸ்திரமாக்கியது.

அச்சாஸ்திரத்தின் வலிமையை அவர் பலகையிலேயே மெய்ப்பித்தார். 1923-ல் கோபன்ஹேகன் பந்தயத்தில் ஜெர்மானியராகிய ஸேமிஷ் என்பவரை எதிர்த்துக் கறுப்புக் காய்களால் ஆடிய ஆட்டத்தை இங்கே குறியாமல் விட இயலாது. அரசி-இந்தியத் தற்காப்பில் தொடங்கிய அவ்வாட்டத்தில், அவர் சிறிது சிறிதாக வெள்ளையின் காய்களைப் பின்னுக்குத் தள்ளினார். இருபதாம் நகர்த்தலில் தம் குதிரையைப் பறிகொடுத்து, அதற்கு இரண்டு காலாட்களை மட்டும் பெற்றுக்கொண்டார். பின் ஒரு யானை எதிரியின் இரண்டாம் வரிசையில் அமர்ந்தது. மற்றொரு யானை அதற்குத் துணை வந்தது. ஒரு மந்திரி வெள்ளையின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து நின்றது. இருபத்தைந்தாம் நகர்த்தலில் அவர் தாக்கவுமில்லை, வெட்டவுமில்லை. ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். வெள்ளையிடம் அரசி, இரு யானைகள், இரு மந்திரிகள், ஒரு குதிரை அத்தனையும் இருந்தன. ஆனால் எதனை நகர்த்தினாலும் கேடு. நகர்த்தாமலிருக்கவோ விதி இடங்கொடாது. ஸேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். கடைசி நிலையில் கறுப்புக்கு அரசியைப் பிடிக்கும் வழியும் ஒன்று இருந்ததால் அதனை முழுமையான முடக்கம் என்னலாகாது என்று நுட்பமாக வாதிப்பாரும் உளர். அவ்வாதம் சரியே. ஆயினும் தன்னினும் ஒரு காய் அதிகமுள்ள சேனையை மூச்சுவிட இடமின்றி நிறுத்திய அழகு அதனாற் குறைவதாக நமக்குத் தோன்றவில்லை.

1926-ல் டிரெஸ்டன் நகரில் யோனர் என்னும் ஸ்விட்ஸர்லாந்துக்காரரோடு ஆடியது நிம்ஸோ-இந்தியத்திற்கே உரிய இலக்கணம். அங்கே கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்து வெள்ளையின் காலாட்களை ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே பத்தியில் அடுக்கிவிட்டது. பின்னர் கறுப்பு அரசி, தன் அரசனைச் சுற்றிக்கொண்டு, மூன்று அடியில் பலகையின் ஓரத்துக்குச் சென்று அமர்ந்தது. அரசியைப் போன்ற பெருங்காயை மூலையில் ஒதுக்குவதா என்று பார்த்தவர் திகைத்திருப்பர். வெள்ளையின் காலாட்கள் அப்பக்கத்தில் முன்னேறாதவாறு முன்கூட்டியே தடுத்தபின், அவ்வழியாகவே கறுப்பு தாக்கி வென்றது. டிரெஸ்டனில் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் நிம்ஸோவிச் பெற்ற புள்ளி எட்டரை. அலெகின் அவருக்குப் பின்னே நின்றார்.

1925 முதல் 1927 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த அவருடைய 'என் முறை' என்னும் ஜெர்மன் நூல் இக்கொள்கைகளையெல்லாம் விரிக்கின்றது. எதிரியின் நோக்கத்தை அவன் செய்யுமுன்னே அறிந்து தடுப்பது, முன்னேறும் காலாளின் எதிரே ஒரு காயை நிறுத்தி அதனை அடைத்துவைப்பது, முக்கியமான கட்டத்தை வேண்டுமளவிற்கு மேலும் காப்பது முதலியன அதில் சொல்லப்படுகின்றன. வறண்ட விதிநூலன்று அது. காலாட்களுக்கு ஆசாபாசம் உண்டு. தடையற்றுச் செல்லும் காலாள் சிறையிலிடத்தக்க குற்றவாளி. நகைச்சுவையும் தற்பெருமையும் பக்கந்தோறும் உண்டு. தற்பெருமை நமக்குச் சற்று மிகையாகவே படுகின்றது.

அவருடைய குணத்தைப் பற்றி வழங்கும் கதைகள் பல. எதிரி புகைபிடித்தலை அவர் சகியார். ஒரு பந்தயத்தில் எதிரி புகைப்பதில்லை என்று வாக்களித்து, சுருட்டை எடுத்துப் பற்றவைக்காமலே மேஜைமேல் வைத்தாராம். நிம்ஸோவிச் உடனே நடுவரிடம் முறையிட்டார். அவர் புகைக்கவில்லையே என்று நடுவர் கேட்க, புகைக்கப்போவதாக அச்சுறுத்துகின்றாரே, அச்சுறுத்தல் செயலினும் கொடிதென்பது சதுரங்க விதியன்றோ என்றாராம். எதிரியின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் சொல்வதால், இக்கதையை நாம் முழுதும் நம்புவதில்லை. ஆயினும் அவரை அறிந்தவர் அவர் மேல் இக்கதையை ஏற்றிக் கூறியதே அவர் இயல்புக்குச் சாட்சியாகும். பந்தய மண்டபத்தின் மூலையில் அவர் தலைகீழாக நின்று தேகாப்பியாசம் செய்ததாகவும் சொல்வர்.

1929-ம் வருஷம் கார்ல்ஸ்பாட் நகரில் 22 பேர் கூடிய மகாபந்தயம் அவர் வாழ்வின் சிகரம். உலக வீரராக முன்னிருந்த காபபிளாங்காவையும் ஸ்பீல்மனையும் அரைப்புள்ளியால் முந்தி, 21 ஆட்டங்களில் 15 புள்ளி பெற்று முதலிடம் அடைந்தார். உலக வீரர் பட்டத்திற்கு அலெகினோடு போட்டியிடும் உரிமை தமக்கே உண்டென்று நம்பினார். ஆனால் அக்காலத்தில் அப்பட்டத்திற்குப் போட்டியிடுவோர் பெருந்தொகையைத் திரட்டித்தர வேண்டும். காபபிளாங்கா காலத்தில் ஏற்பட்ட நிபந்தனைப்படி அத்தொகை பதினாயிரம் டாலர். வாடகை அறையில் வாழ்ந்தவருக்கு அதனை யார் கொடுப்பார்? அலெகின் 1929-லும் 1934-லும் போகோல்யூபோவ் என்பவரோடே போட்டியிட்டார். பணமில்லாமையே நிம்ஸோவிச்சுக்குத் தடை என்று அவரன்பர் கூறுவர். அது முழு உண்மையன்று. காபபிளாங்காவை அவர் தம் வாழ்நாளில் ஓர் ஆட்டத்திலேனும் வென்றதில்லை. 1930-ல் ஸான் ரெமோ பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றபோதும், முதல்வராகிய அலெகினுக்கு மூன்றரைப் புள்ளி பின்னே நின்றார். அங்கே அலெகின் அவரை வென்ற விதம் விந்தையானது. அரசியையும் இரு யானைகளையும் ஒரே பத்தியில் அடுக்கி நெருக்கி, முப்பதாம் நகர்த்தலில் ஓரத்துக் காலாளைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். கறுப்புக்கு நகர்த்த நல்ல காய் ஒன்றுமில்லை. ஏழு வருஷத்திற்கு முன் ஸேமிஷ் அமர்ந்திருந்த நிலையில் நிம்ஸோவிச் அமர்ந்திருந்தார். அன்று அவர் ஆடியது தம் பெயர்கொண்ட தற்காப்பு அன்று, பிரெஞ்சுத் தற்காப்பு என்பதைமட்டும் சொல்லிவைப்போம்.

அதன்பின் பெரும் வெற்றிகள் அரிதாயின. 1934-ல் டாக்டர் டாரஷ் காலமானார். மறுவருஷம் 1935 மார்ச் 16-ந் தேதி, நிமோனியா ஜுரத்தால் நிம்ஸோவிச்சும் கோபன்ஹேகனில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 48. அந்நகரத்துப் பிஸ்பெப்யர்க் மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பட்டத்துப் பந்தயங்களிலோ அவர் தற்காப்பு இடைவிடாது தோன்றிவருகின்றது. 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் ஸ்பாஸ்கியோடு பொருத ஃபிஷர், ஐந்தாம் ஆட்டத்தில் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கி, நடுவைக் கறுப்புக் காலாட்களால் அடைத்து, 27 நகர்த்தலில் வென்றார். யோனர் ஆட்டத்தைப் பயின்றவர் அதனைப் பார்த்தவுடன் இனங்கண்டுகொள்வர். 2013-ம் வருஷம் நவம்பரில் நம் சென்னை மாநகரிலே ஆனந்தும் கார்ல்ஸனும் பட்டத்திற்குப் பொருதபோது, ஒன்பதாம் ஆட்டத்தில் கார்ல்ஸன் இத்தற்காப்பையே கைக்கொண்டார். ஆனந்த் ஸேமிஷ் பெயரால் வழங்கும் வழியிற் சென்று, கறுப்பு அரசன்மேல் வலிமையாகப் படையெடுத்தார். மறுபக்கத்தில் கறுப்புக் காலாள் ஒன்று கடைசி வரிசையை எட்டி அரசியாயிற்று. அடுத்த நகர்த்தலில் ஆனந்த் குதிரையைத் தவறான கட்டத்திற்கு எடுத்தார். 28-ம் நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.